கல்யாண நோட்டீசும் நாலு குண்டூசியும்

திங்கட்கிழமை காலை பிரேம்காரர் பதிவு அலுவலகத்துக்கு நடந்து போன அழகைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பார்சலை, தூங்குகிற கைக்குழந்தையைத் தூக்கிப்போவது போல மார்போடு அணைத்துக்கொண்டு போனார். எதிரே வந்த சைக்கிளுக்குக்கூட ஒதுங்கி நின்றார். அறுபதைத் தாண்டிய மனுஷன். ஆனால் அன்றைக்குக் காலில் ஒரு துள்ளல், உதட்டில் ஒரு முணுமுணுப்பு.

பார்சலுக்குள் இருந்தது அவருடைய மகளின் கல்யாண நோட்டீஸ். சனிக்கிழமை மத்தியானம், அரைநாள் அலுவலகம் மூடுகிற நேரத்தில், பலகையிலிருந்து அவரே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தது. திருடிக்கொண்டு வந்தது என்றும் சொல்லலாம். அவர் காதில் விழாமல் சொல்லுங்கள்.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. படங்களுக்குப் பிரேம் போட்டுத் தரும் கடை வைத்திருக்கும் நம் பிரேம்காரருக்கு ஒரே மகள். தாயில்லாப் பெண். சின்ன வயதில் கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் வேலை வாங்குவாள். அதனால் அவளுக்கு 'மேனேஜர்' என்று பேர். வளர்ந்து, படித்து, வெளிநாடு போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். அந்த ஆஸ்பத்திரி லிப்டில் ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். கதவை நெம்பித் திறந்து அவளை வெளியே எடுத்தவன் இந்த நாட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போன ஒரு லிப்ட் மெக்கானிக். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், விவாகரத்து வாங்கியவன். அவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக அப்பாவுக்கு போன் போட்டாள்.

"என்கிட்ட கேக்குறியா, சொல்றியா?" என்றார் அப்பா.

"சொல்றேம்ப்பா."

அவர் போனை வைத்துவிட்டார். சண்டை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஒரு தட்டு உடையவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அப்பாவும் மகளும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வெளியூரில் இருப்பவர்கள் இங்கே பதிவுக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால், விமானத்தை விட்டு இறங்கினோம், கையெழுத்தைப் போட்டோம் என்று கிளம்ப முடியாது. இருவரில் ஒருவராவது முன்கூட்டியே வந்து இந்த வட்டாரத்தில் தங்க வேண்டும். தங்கியதற்கு அத்தாட்சி காட்டி, இன்னார் இன்னாரைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது இரண்டு பேர் படத்தோடு, ஒரு மாதக் கெடு முடியும்வரை அலுவலகப் பலகையில் இருக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம். ஒருவரும் சொல்லாவிட்டால்தான் கல்யாணம்.

அதற்காகத்தான் மகள் தனியாக ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய லிப்ட்காரன் பிறகு வருவான். கெடு முடிகிற வாரத்துக்குச் சரியாக லீவு வாங்கி வைத்திருந்தான். அவள் வந்தது அப்பா வீட்டுக்கு இல்லை. அப்பா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி, வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். சமாசாரம் அவருக்குத் தங்கை மூலம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு பலகையைப் பார்க்கப் போய்விடுவார். யாராவது கேட்டால், "ஒரு பத்திரம் விஷயமா வந்தேன்." பத்திரமாவது ஒன்றாவது! மகளின் படத்துக்கு முன்னால் ரெண்டு நிமிஷம் நிற்பார். இளைத்துவிட்டாள் என்று நினைப்பார். அப்புறம் வந்து கடையைத் திறப்பார். அந்த ரெண்டு நிமிஷத்தை விட்டால் அவருக்கு நாள் முழுக்க முகம் பார்த்துப் பேச ஒரு ஆள் கிடையாது. வாடிக்கையாளர்கள் அளவு சொல்வார்கள், விலை கேட்பார்கள், போய்விடுவார்கள்.

சனிக்கிழமை போனபோது, லிப்ட்காரன் படத்தில் எவனோ பேனாவால் ரெண்டு கொம்பு வரைந்து, ஒரு மீசையும் இழுத்துவிட்டிருந்தான். வரிசையில் நின்று அலுத்துப்போனவன் வேலையாக இருக்கும்.

பிரேம்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது; நான் ஏன் மறைக்க வேண்டும்? பயலுக்கு நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தார். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் அவர் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போவான். காகிதத்தின் கீழ் ஓரம் வேறு சுருண்டு, அழுக்கேறிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் உள்ளே போய் எழுத்தரிடம் சொல்லியிருப்பார்கள். பிரேம் போடுகிறவர் கண்ணுக்குப் படம் கெட்டுப்போவது மட்டும்தான் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு குண்டூசியையும் பிடுங்கினார். காகிதத்தைச் சுருட்டாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஊசி அரசாங்க ஊசி, நமக்கெதற்கு என்று நாலையும் இருந்த இடத்திலேயே குத்திவைத்துவிட்டு வந்தார். அந்த அளவுக்கு நாணயஸ்தர்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, கொம்பைத் துடைத்தார். படத்துப் பளபளப்பு போகாமல் மை மட்டும் போக வேண்டுமே. அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார். இடது புருவத்தில் ஒரு தழும்பு. படம் எடுக்கிறவன் 'சிரிங்க' என்று சொல்லியும் சிரிக்கத் தெரியாமல் விழித்திருக்கிறான். "பயந்தாங்கொள்ளி" என்று வாய்விட்டுச் சொன்னார். ஆனால் கோபமாகச் சொல்ல வரவில்லை. பிறகு கடையிலேயே நல்ல கட்டையாகப் பார்த்து எடுத்து அறுத்தார். ஒரு மூலையில் நூலிழை இடைவெளி தெரிந்ததும் அதைப் பிரித்து மறுபடி அறுத்தார். கண்ணாடி போட்டார். ஒரு எழுத்து மறையவில்லை, ஒரு முத்திரை மறையவில்லை.

திங்கட்கிழமை அலுவலக கேட் திறந்த உடனே மாட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

கணக்குத் தப்பிப்போனது.

தாழ்வாரத்தில் பலகைக்கு முன்னால் அவர் மகள் நின்றிருந்தாள்.

அவளும் தினமும் வருகிறவள்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மத்தியானம், அவள் காலை. இரண்டு பேரும் ஒரே பலகையைப் பார்த்துவிட்டு, ஒருவர் வந்து போனது ஒருவருக்குத் தெரியாமல் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் பியூனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"காத்துல விழுந்திருக்கும்மா," என்றார் பியூன். "பெருக்குறவங்க எடுத்துப் போட்டிருப்பாங்க."

"காத்துல விழுந்தா ஊசி எப்படிங்க நாலு மூலையிலயும் குத்தியிருக்கும்? யாரோ பொறுமையா எடுத்திருக்காங்க."

"யாரும்மா எடுக்கப் போறா? உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது..."

மகள் அந்த நாலு ஊசியையும் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

"எனக்குத் தெரியும். எங்கப்பா."

தூணுக்குப் பின்னால் பிரேம்காரர் இன்னும் ஒடுங்கிக்கொண்டார். ஆமாம், எடுத்தது அவர்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவள் அதை என்ன நினைத்துச் சொல்கிறாள் என்பது குரலிலேயே இருந்தது. கல்யாணத்தை நிறுத்துவதற்கு அப்பா இவ்வளவு தூரம் இறங்குவார் என்று அவள் நம்பிவிட்டாள்.

அப்போதே முன்னால் போய், "இந்தாடி உன் நோட்டீஸ்" என்று நீட்டியிருந்தால் கதை இந்த வாரத்தோடு முடிந்திருக்கும். அவர் நீட்டவில்லை. பார்சலை அணைத்துக்கொண்டு, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிட்டார்.

போன இடம் தங்கையின் தையல் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம்; கடை முழுக்க நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் மலையாகக் கிடந்தன. தங்கை மெஷினை நிறுத்தவில்லை. வாயில் ரெண்டு ஊசியைக் கவ்விக்கொண்டே, "வா அண்ணே," என்றாள். "உன் பொண்ணு இப்பதான் போன் பண்ணா. ஒரே அழுகை."

அவர் பார்சலை மேஜை மேல் வைத்தார். "பிரிச்சுப் பாரு."

அவள் பிரித்தாள். பார்த்தாள். வாயிலிருந்த ஊசியை எடுத்துப் பெட்டியில் போட்டாள். மெஷின் நின்றது.

"அட பாவி மனுஷா! நீயா?"

"கொம்பு வரைஞ்சிருந்தான். அழிக்கலாம்னு..."

"அழிச்சே. சரி. அதை எதுக்குக் கண்ணாடிக்குள்ள போட்டே? யாராவது அரசாங்க நோட்டீசுக்குப் பிரேம் போடுவாங்களா? உலகத்துல உனக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி போகும்!"

"கசங்குதுல்ல."

"கசங்கட்டுமே! கெடு முடிஞ்சா கிழிச்சுப் போடுற காகிதம்! இப்ப என்ன நடந்திருக்குன்னு தெரியுமா? யாரோ ஆட்சேபணைக்காரன் வேணும்னே எடுத்துட்டான்னு விசாரணைக்கு அனுப்பப் போறாங்களாம். விசாரணை முடியுற வரைக்கும் ஃபைல் அப்படியே கிடக்கும். மாசமோ வருஷமோ. அந்தப் பையன் லீவு போச்சு. இவ வேலை போகும். எல்லாம் உன் பிரேமால."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பட்டனை எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு கெடுபிடி இருக்குன்னு தெரிஞ்சும் எதுக்கு இங்க வந்து பண்றா? அங்கேயே முடிச்சிருக்கலாமே?"

"முடிச்சிருக்கலாம். அங்க ரெண்டே நாள் வேலையாம்."

"அப்புறம்?"

தங்கை அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுற்றினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அப்பா பஸ்ல ஏறினாலே தலை சுத்துதும்பார். பிளேன்ல எங்க வரப் போறார்? அவர் நடந்து வர்ற தூரத்துல வச்சா, ஒருவேளை மனசு மாறினா வருவார்ல அத்தை'ன்னா. அதுக்காகத்தான் அந்தப் பையனும் சரின்னானாம். ஹாஸ்டல்ல தனியா கிடந்து, கெட்ட சோத்தைத் தின்னுட்டு, தினம் அந்தப் பலகையைப் போய்ப் பாத்துட்டு வர்றா. உன் வீட்டு மாடி ஜன்னல் ஆபீஸ் போற ரோட்டுல இருந்து தெரியும்ல? தினமும் காலையில, நீ கடை திறக்கறதுக்கு முன்னாடி, அந்த வழியாத்தான் நடந்து போறாளாம். நீ ஒரு நாளாவது எட்டிப் பாத்தியா?"

பிரேம்காரர் எங்கிருந்து எட்டிப் பார்ப்பார்? மாடி அறையில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடியும் கட்டையும் அடுக்கி வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தே வருஷமாகிறது. தங்கைக்கு முன்னால் அழக் கூடாது என்று பட்டனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்திரி," என்றாள் தங்கை. "போய் நான்தான் எடுத்தேன்னு சொல்லு. அடிக்கவா போறாங்க?"

"அவ முன்னாடியா?"

"அவ முன்னாடிதான்."

அவர் உடனே எழுந்து ஓடவில்லை. ரோஷக்காரர்களுக்குக் கால் சீக்கிரம் எழாது. ஒரு டீ குடித்தார். அவிழ்ந்த பேப்பரை மறுபடி சுற்றினார். நூல் கட்டினார். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பலகையில் நாலு குண்டூசியும், நடுவே காலி இடமும் அப்படியே இருந்தன.

பதிவாளர் அம்மாள் மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரப் பெஞ்சில் மகள். கையில் கைக்குட்டை பந்தாகச் சுருண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து அவளை நேரில் பார்க்கிறார். படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள்.

"நான்தாங்க எடுத்தேன்," என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

பதிவாளர் அம்மாள் பேனாவை மூடினார். "நீங்க யாரு?"

"பொண்ணோட அப்பா."

"ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கணும் பெரியவரே. பிச்சு எடுத்துட்டுப் போகக் கூடாது."

"ஆட்சேபணை இல்லீங்க."

"பின்ன எதுக்கு எடுத்தீங்க?"

அவர் நூலை அவிழ்த்து, பேப்பரை விலக்கி, பிரேமை மேஜை மேல் நிமிர்த்தி வைத்தார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இப்படி நிமிர்த்தி வைத்துக் காட்டியிருக்கிறார். விலை சொல்லாமல் நிமிர்த்தி வைத்தது அன்றைக்குத்தான்.

பதிவாளர் அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் வாயோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல," என்றார்.

பெஞ்சிலிருந்து மகள் எழுந்து வந்தாள். மேஜையோரமாக நின்று குனிந்து பார்த்தாள். அவள் பார்வை தன் படத்தில் நிற்கவில்லை. பக்கத்துப் படத்துக்குப் போனது. விரலைக் கண்ணாடி மேல் வைத்து, அந்த நெற்றியைத் தடவிப் பார்த்தாள். சனிக்கிழமை காலையே அந்தக் கொம்பை அவளும் பார்த்திருந்தாள். அவனுக்குத் தினமும் பலகையைப் படம் எடுத்து அனுப்புகிறவள், அன்றைக்கு மட்டும் அனுப்பாமல் இருந்துவிட்டாள்.

"கொம்பு எங்கே?" என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தொடச்சிட்டேன்," என்றார் அவர். "மீசையும். மீசைதான் லேசில போகல."

அவள் நிமிரவே இல்லை. கண்ணாடி மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவர் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்துத் துடைக்கப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி," என்றார் பதிவாளர் அம்மாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது, சட்டம் இளகவில்லை. "தடுக்குற எண்ணத்துல எடுக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விசாரணைக்கு அனுப்பாம நிறுத்திடலாம். ஆனா இந்த நோட்டீஸ் செல்லாது. புதுசாத்தான் குடுக்கணும். கெடுவும் முதல்ல இருந்துதான்."

"ஞாயித்துக்கிழமை லீவுதானுங்களே?" என்றார் பிரேம்காரர். "யாரும் பாக்க வந்திருக்க மாட்டாங்களே?"

"அதேதான் நானும் சொல்றேன். இன்னிக்குக் காலையில ஆபீஸ் திறக்கறப்ப திருப்பி மாட்டியிருந்தீங்கன்னா நான் கண்டுக்காம விட்டிருப்பேன். மத்தியானம் வரைக்கும் பலகை காலியா இருந்திருக்கு. வேலை நேரத்துல, எல்லார் கண்ணு முன்னாடியும். அதை நான் எப்படி இல்லன்னு எழுதுறது?"

அந்தக் காலை ஓட்டம்! அதுதான் கெடுத்தது. எடுத்ததுகூட இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து முன்னால் பத்தடி வைக்கத் தைரியம் இல்லாமல் திரும்பி ஓடினாரே, அது. பிரேம்காரருக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

மகள் மெல்லத் திரும்பினாள். "காலையில வந்தீங்களா?"

"வந்தேன்."

"எப்போ?"

"நீ பியூன்கிட்ட பேசிட்டிருந்தப்போ."

அவள் முகம் வெளுத்துப்போனது. என்ன சொன்னோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு பேரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அவள் இந்தக் கோடி, அவர் அந்தக் கோடி. நடுவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

"புது நோட்டீசுக்கு விலாசம் சொல்லும்மா," என்று பதிவாளர் அம்மாள் கேட்டார். "அதே ஹாஸ்டல்தானே? கெடு முடியுற வரைக்கும் அங்கதான் இருப்பீங்களா?"

"இல்லைங்க. இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

"அப்போ எங்க தங்குவீங்க?"

மகள் கைக்குட்டையைப் பார்த்தாள். அவள் கேட்க மாட்டாள். கேட்டுப் பழக்கமில்லாத பெண், மேனேஜர் ஆயிற்றே! ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் பிரேம்காரரும் வாயைத் திறந்திருக்க மாட்டார். அவளே வந்து கேட்கட்டும் என்று விறைப்பாக உட்கார்ந்திருப்பார். அந்த விறைப்பில்தான் ஒரு வருஷம் போயிற்று. வீட்டில் தட்டு ஒன்றுதான் கழுவ வேண்டியிருந்தது.

"மேனேஜர்," என்றார். குரல் கரகரத்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார்: "நம்ம வீட்டு விலாசம் குடுக்கலாமா? சொல்லலம்மா. கேக்குறேன்."

அவள் உடனே நிமிர்ந்தாள். கண் நிறைந்து நின்றது. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட பேசணும்ப்பா. லீவு விஷயம்... அவர் என்ன சொல்வாரோ தெரியல. யோசிச்சு சொல்றேன். நீங்க போங்க."

போங்க என்றதும் அவர் எழுந்தார். கையெழுத்துப் போட்டார். செல்லாத நோட்டீசை என்ன செய்வது என்று பதிவாளர் அம்மாளுக்கும் தெரியவில்லை. "நீங்களே வச்சுக்குங்க," என்று கொடுத்துவிட்டார். பேப்பர் சுற்றக்கூடத் தோன்றாமல், மகளும் லிப்ட்காரனும் வெளியே தெரிய, அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். எதிரே வந்த சோடாக் கடைக்காரர், "யாரு படம் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"என் பொண்ணு," என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, அந்த இன்னொருவன் யார் என்று சொல்லாமல் வந்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது.

கடையைத் திறக்கவில்லை. நேரே மாடி ஏறினார். அறைக் கதவு முழுதாகத் திறக்காமல் கண்ணாடிப் பெட்டியில் முட்டிக்கொண்டது. ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். அடுக்கி வைத்த கட்டைகளுக்குப் பின்னால் அவள் கட்டில் இருந்தது. அதன் மேலும் அட்டைக் கட்டுகள். மகள் வரமாட்டாள் என்று ஒரே மாதத்தில் இந்த அறையைக் கிடங்காக்கிவிட்டார். அப்போது கோபத்தில் செய்தது. இப்போது பார்த்தால் தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே இறக்கினார். வருவாளா மாட்டாளா என்று தெரியாமலேயே இறக்கினார். முட்டி வலித்தது. ஜன்னலைத் திறந்தபோது கீல் கத்தியது. கீழே ரோட்டில் யார் யாரோ போனார்கள். அவள் இல்லை.

சாயங்காலம் தங்கையிடமிருந்து போன். "அண்ணே, ஆபீஸ் மூடறதுக்குள்ள போய்ப் பலகையைப் பாரு."

"ஏன்? என்ன ஆச்சு?"

"போய்ப் பாருன்னா போய்ப் பாரேன்!"

சட்டையில் படிந்த தூசியைக்கூடத் தட்டாமல் போனார். தாழ்வாரத்தில் ஆள் இல்லை. காலி இடத்தில் புது நோட்டீஸ். அதே நாலு குண்டூசி. படத்தில் அவள் சிரிப்பு அதேதான். அவர் பார்த்தது அதை இல்லை. இத்தனை நாள் அந்தக் காகிதத்தில் அவர் படிக்காத ஒரு வரி இருந்தது. படித்தால் வயிறு எரியும் என்று கண்ணை ஓட்டிவிடுவார். மணமகள் தற்போது வசிக்கும் விலாசம்.

கதவு எண், தெருப் பெயர், பிரேம் கடை மாடி.

அவருடைய வீடு. ஊர் பார்க்க, அரசாங்க முத்திரையோடு.

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்வதற்கு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பியூன்தான் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"பெரியவரே, இதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற யோசனையா?"

"இல்லப்பா, இல்ல," என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "தொடக்கூட மாட்டேன்."

வெளியே வந்து ரோட்டோரம் நின்றார். ஹாஸ்டல் பக்கம் போகலாமா, பெட்டி தூக்க ஆள் வேண்டியிருக்குமா, கூப்பிடாமல் போனால் கோபித்துக்கொள்வாளா? ஒன்றும் புரியவில்லை. அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண். முன்னால் கூட்டல் குறி போட்ட, நீளமான வெளிநாட்டு எண். மகள் எண் இல்லை. அவள் இங்கேதானே இருக்கிறாள்.

எடுத்தார்.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், தயங்கித் தயங்கி:

"சார்... மாமா... நான்தான். லிப்ட் வேலை பாக்குறவன்."

பிரேம்காரருக்கு அந்த விழித்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இடது புருவத் தழும்பும். "சொல்லுங்க," என்றார்.

"லீவைத் தள்ளிப் போடத் தர மாட்டேங்கிறாங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. அழுவா. வேற ஒரு வழி இருக்கு. ஆனா அது உங்க கையிலதான் இருக்கு. அதனால..." குரல் நின்றது. எச்சில் விழுங்குகிற சத்தம் அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

'கேக்கணும்' என்று ஒரு வருஷமாக அவர் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரேம்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேளுங்க மாப்பிள்ளை," என்றார்.